உராய்வற்ற திரவமும் ஓயாத சுழிகளும்

தோப்பும்படி மீன்பிடித் துறையில், படகிலிருந்து இறங்கும் மீனின் மேல் கொட்டப்படும் பனிக்கட்டி பூஜ்யம் டிகிரி செண்டிகிரேடில் இருக்கிறது. புதுவைப்பின் முனையத்தில் கப்பலிலிருந்து இறக்கப்படும் திரவ இயற்கை வாயு பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி. நம் பௌதிக ஆய்வுக்கூடங்களில் குடுவையின் வாயில் வெண்புகை கிளப்பிக்கொண்டிருக்கும் திரவ நைட்ரஜன் கீழே 196. இந்தப் படிக்கட்டில் இன்னும் இறங்கினால் ஹைட்ரஜன், கீழே 253. கடைசிப் படியில் ஹீலியம், கீழே 269. அதற்கு அப்பால் எஞ்சியிருப்பது நான்கு டிகிரி மட்டுமே. பூஜ்யத்துக்குக் கீழே 273.15 டிகிரியில் குளிர் என்பது முடிந்துபோகிறது. அந்த முடிவிலிருந்து மேல்நோக்கி எண்ணுவதே கெல்வின் அளவை. அந்தக் கணக்கில் ஹீலியம் கொதிப்பது 4.2 கெல்வினில்.

அந்தக் கடைசி நான்கு டிகிரிக்குள் நடக்கும் விந்தையைப் பற்றி எழுதும்படி மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். "உராய்வே இல்லாமல் ஓடும் திரவம்" என்ற செய்தி நம்மில் பலருக்குப் பாடப் புத்தகத்தின் ஓர் ஓரத்தில் கிடைத்ததுதான். அது 1938-ஆம் ஆண்டின் செய்தி. இன்று அத்துறையில் உழைப்பவர்களை அலைக்கழிக்கும் கேள்வி வேறு. அன்று, "இது ஏன் தடையின்றி ஓடுகிறது?" என்று கேட்டார்கள். இன்று, "தடையே இல்லாத இந்த ஓட்டம் எப்படிக் கெடுகிறது?" என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விதான் கடினமானது. எனக்குச் சுவையானதும் அதுவே. அதில் நம் நாட்டவர்க்கும் பங்குண்டு.

ஹீலியத்தின் வரலாறே நம் பக்கத்தில் தொடங்குகிறது எனலாம். 1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் சூரிய கிரகணத்தைக் காணப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூருக்கு வந்தார். சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்ததில், சோடியத்துக்கு உரியதல்லாத ஒரு மஞ்சள் கோடு அவ்வாண்டு வெளிப்பட்டது. அதை ஆராய்ந்த லாக்யர், பூமியில் அறியப்படாத ஒரு தனிமம் சூரியனில் உண்டு என்று கருதி, சூரியனின் கிரேக்கப் பெயரையே அதற்கு வைத்தார். பூமியில் அது கிடைத்தது 1895-இல். யுரேனியமும் தோரியமும் சிதையும்போது ஹீலியத்தின் அணுக்கருவே ஆல்ஃபாத் துகளாக வெளிவருகிறது. ஆகையால் தோரியம் கலந்த மோனசைட் மணலில் அது சிறைப்பட்டுக் கிடக்கும். ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில், 1908 ஜூலை 10-ஆம் நாள், காமர்லிங் ஓன்னஸ் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினாரே, அந்த ஹீலியம் அத்தகைய மோனசைட் மணலைச் சூடாக்கிப் பெற்றதுதான். நம் மணவாளக்குறிச்சிக் கரையிலும் சவரைக் கரையிலும் அதே மணல் கிடக்கிறது. ஆலுவாய்க்கு அருகே உத்யோகமண்டலத்தில் 1952-இல் தொடங்கிய ஆலை அந்த மணலைப் பக்குவம் செய்யவே ஏற்பட்டது. பேருந்தில் அவ்வழியே போகிறவர்கள் அடுத்த முறை இதை நினைத்துக்கொள்ளலாம்.

திரவ ஹீலியத்தைப் பாத்திரத்திலிட்டு, அதன் மேலுள்ள ஆவியைப் பம்பினால் இழுத்துக்கொண்டே இருந்தால் அது மேலும் குளிரும். சோற்றுப்பானை கொதிப்பதுபோலக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் அத்திரவம், 2.17 கெல்வினை அடைந்ததும் சட்டென்று அடங்கிவிடும். குமிழி ஒன்றுகூட இராது. கொதிப்பு நின்றுவிடவில்லை, வெப்பம் அத்திரவத்தினுள் அத்தனை வேகமாகப் பரவுவதால் ஓரிடத்தில் மட்டும் சூடேறிக் குமிழி கிளம்ப வழியில்லை, மேற்பரப்பிலிருந்தே அமைதியாக ஆவியாகிறது. 1937-ஆம் ஆண்டின் இறுதியில் மாஸ்கோவில் கபிட்ஸாவும், கேம்பிரிட்ஜில் ஆலன், மைஸ்னர் என்ற இருவரும் தனித்தனியே அத்திரவத்தின் பாகுத்தன்மையை அளக்க முயன்றார்கள். பாகுத்தன்மை என்பது ஒரு திரவம் தன் ஓட்டத்தைத் தானே எதிர்க்கும் குணம். தேனுக்கு அதிகம், தண்ணீருக்குக் குறைவு. கபிட்ஸா, மெருகேற்றிய இரு கண்ணாடித் தட்டுகளுக்கு இடையே மயிரிழையிலும் மெல்லிய இடுக்கின் வழியாக ஹீலியத்தை ஓடவிட்டார். 2.17 கெல்வினுக்குமேல் அதில் நுழையவே தயங்கிய திரவம், அதற்குக் கீழே தடையின்றி ஓடிற்று. பாகுத்தன்மை குறைந்தபட்சம் 1,500 மடங்கு வீழ்ந்துவிட்டது என்று அவர் கணக்கிட்டார். 'குறைந்தபட்சம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அவருடைய கருவிக்கு அதற்குமேல் அளக்க இயலவில்லை. இரு கட்டுரைகளும் 1938 ஜனவரியில் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் வந்தன. கபிட்ஸா இதற்குச் சூட்டிய பெயரைத் தமிழில் 'மீப்பாய்மம்' என்கிறோம். பாய்மம் என்றால் பாயக்கூடிய எதுவும். வாயுவும் அதில் அடக்கம், திரவமும் அடக்கம்.

காரணம் தேடியவர்களில் முந்திக்கொண்டவர் பிரிட்ஸ் லண்டன். அவர் அதே 1938-இல், இது போஸ்–ஐன்ஸ்டைன் செறிவின் வேலையாக இருக்கலாம் என்றார். 1924-இல் டாக்காவில் ஆசிரியராக இருந்த சத்தியேந்திர நாத போஸ் எழுதிய நாலு பக்கக் கட்டுரையின் கிளை அது. ஹீலியம்–4 போன்ற அணுக்கள் ஒன்றுக்கொன்று பிரித்தறிய முடியாதவை. குளிர் மிகும்போது அவற்றில் பெரும் எண்ணிக்கையானவை ஒரே நிலையில் சென்று சேர்ந்துகொள்ளும். அப்போது அவை தனித்தனி அணுக்களாக நடக்காமல் ஒரே அலையாக நடக்கும். சந்தைக் கூட்டத்தில் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு போவதற்கும், ஒரே தாளத்தில் அடியெடுத்து வைக்கும் அணிவகுப்புக்கும் உள்ள வேற்றுமை இது. இடிபட ஆளில்லை என்றால் உராய்வு எங்கிருந்து வரும்?

பிறகு டிஸாவும் லாந்தாவும் இதற்கு ஓர் இரட்டைத் திரவக் கணக்கை அமைத்தார்கள். லாந்தா அப்போதுதான் ஸ்டாலினின் சிறையில் ஓராண்டு கழித்து வெளியே வந்தவர். ஹீலியத்தின் புதிரை விளக்க அவர் தமக்குத் தேவை என்று கபிட்ஸா மேலிடத்துக்கு எழுதியதும் அந்த விடுதலைக்கு ஒரு காரணம் என்பர். அக்கணக்கின்படி, 2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம் இரண்டு பாய்மங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடப்பதுபோல நடக்கிறது. ஒன்று சாதாரணப் பாய்மம். அதற்கு உராய்வுண்டு, வெப்பத்தைச் சுமப்பதும் அதுவே. மற்றது மீப்பாய்மம், உராய்வும் இல்லை, வெப்பமும் இல்லை. குளிரக் குளிர முன்னது தேய்ந்து பின்னது வளரும். 1 கெல்வினுக்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் மீப்பாய்மமே. இவை இரண்டும் எதிரெதிரே ஆடும்போது, ஒலியலையைப் போலவே வெப்பமும் அலையாகப் பரவும் என்று சொன்னார்கள். 1944-இல் பெஷ்கோவ் அந்த 'இரண்டாம் ஒலி'யைப் பரிசோதனையில் கண்டார்.

இதுவரை சொன்னது பழங்கதை. இனிச் சுழிக்கு வருவோம்.

பள்ளுருத்தியிலிருந்து நகருக்கு வருகிறவர்கள் பலர் தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டி வருவதுண்டு. கடல்நீர் ஏறும் வேளையிலோ இறங்கும் வேளையிலோ பாலத்தின் கால்களைச் சிறிது நின்று கவனியுங்கள். தூணின் ஒரு பக்கம் நீர் அமைதியாக வந்து மோதும். மறுபக்கம் சுழிசுழியாகப் பிரிந்து போகும். அந்தச் சுழிகளில் பெரிதும் உண்டு, சிறிதும் உண்டு. வேகமாகச் சுழல்வதும் உண்டு, சோம்பிச் சுழல்வதும் உண்டு. பெரியது உடைந்து சிறியதாகும். சிறியது இன்னும் சிறியதாகும். கடைசியில் நீரின் பாகுத்தன்மை அதை விழுங்கி, அதன் இயக்கத்தை வெப்பமாக்கிவிடும். ஆகாயத் தாமரைச் சருகு ஒன்று அதில் அகப்பட்டால் சுழி இருக்குமிடம் நமக்கு நன்றாகத் தெரியும். இந்தச் சருகை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மீப்பாய்மத்தில் சுழி இப்படி மனம்போனபடி இருக்க முடியாது. 1949-இல் ஆன்ஸாகரும், 1955-இல் ஃபைன்மனும் சொன்னது இது: மீப்பாய்மம் முழுவதும் ஒரே அலை என்றால், ஒரு சுழியைச் சுற்றி ஒரு வட்டம் வந்து புறப்பட்ட இடத்தை அடையும்போது அலையும் தன் பழைய நிலைக்கே திரும்பியிருக்க வேண்டும். முழு அலைகளாக ஒன்றோ, இரண்டோ, மூன்றோ வட்டத்தில் அடங்கலாம், ஒன்றரை அடங்காது. ஆகவே சுழியின் வலிமை ஓர் அடிப்படை அளவின் முழு மடங்காகவே இருக்கும். அந்த அடிப்படை அளவு, பிளாங்க் மாறிலியை ஒரு ஹீலியம் அணுவின் நிறையால் வகுத்தால் கிடைப்பது; விநாடிக்கு ஏறக்குறைய 0.001 சதுர சென்டிமீட்டர். சுழியின் நடுவே உள்ள குழலோ ஓர் அணுவின் பருமனே கொண்டது. இரட்டை வலிமைச் சுழி ஒன்றைவிட ஒற்றை வலிமைச் சுழிகள் இரண்டாக இருப்பதே ஆற்றலுக்குச் சிக்கனம். ஆகையால், சாதாரணமாகக் காணப்படும் சுழிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த காசுகள்போல ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு வாளி ஹீலியத்தை விநாடிக்கு ஒரு சுற்றாகச் சுழற்றுவோம். தண்ணீராயின் வாளியோடு முழுவதும் சுழலும். மீப்பாய்மம் அப்படிச் சுழல மறுக்கும். அதற்குப் பதிலாக, மேலிருந்து கீழ்வரை நீண்ட மெல்லிய சுழிக்கோடுகளைத் தன்னுள் ஏற்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 12,600 கோடுகள் என்று கணக்கு வருகிறது. நாற்றங்காலில் நாற்று நிற்பதுபோல அவை ஒழுங்காக நிற்கும். 1961-இல் வைனன் மெல்லிய கம்பியொன்றை ஹீலியத்தில் அதிரவிட்டு, ஒற்றைச் சுழியின் வலிமை கணக்கிட்டபடியே இருப்பதைக் காட்டினார். 1979-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், சுழிக்கோடுகளில் எலெக்ட்ரான்களைச் சிக்கவைத்து, அவை எங்கெங்கு நிற்கின்றன என்று படமே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அது நின்ற கோலம். நாற்றங்கால் கலைந்து, கோடுகள் நூற்கண்டுச் சிக்கலைப்போல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் என்ன ஆகும்? அதைத்தான் குவான்டம் கொந்தளிப்பு என்கிறோம். ஓட்டம் கெடுவது இங்கேதான். மீப்பாய்மத்துக்கு உராய்வில்லை, ஆனால் சுழிக்கோடுகளுக்கும் சாதாரணப் பாய்மத்துக்கும் இடையே உராய்வுண்டு. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் சுழிகள் பெருகும். பெருகியதும், தடையற்ற ஓட்டம் தடைபடும்.

இந்தச் சிக்கலைக் கண்ணால் பார்ப்பது எப்படி என்பதே நெடுநாள் இடராக இருந்தது. அதை 2006-இல் தீர்த்தவர்கள் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பியூலி, லாத்ராப், கே. ஆர். ஸ்ரீநிவாசன் ஆகிய மூவர். ஸ்ரீநிவாசன் பெங்களூரில் பொறியியல் படித்து, அங்கே இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். நீரிலும் காற்றிலும் எழும் கொந்தளிப்பை ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர். அவர்கள் செய்தது நம் பாலத்தடிச் சருகின் தந்திரம்தான். ஹைட்ரஜன் வாயுவைச் சிறிது ஹீலியத்துடன் கலந்து உள்ளே ஊதினார்கள். அந்தக் குளிரில் ஹைட்ரஜன் உறைந்து, கண்ணுக்குப் புலப்படாத பனித்துகளாயிற்று. துகள்கள் சுழியின் நடுவே இழுக்கப்பட்டு அங்கே தங்கிவிட்டன. லேசர் ஒளியை விரித்துப் பாய்ச்சினால், நூலில் கோத்த மணிகள்போல வரிசைவரிசையாக ஒளிர்ந்தன. அணுவின் பருமனுள்ள ஒரு பொருளைச் சாதாரண ஒளியில் காமிராவால் பிடித்துவிட்டார்கள்! அதிகச் செலவுள்ள கருவி எதுவும் அந்த யோசனைக்கு மூலமன்று என்பதே எனக்கு இதில் பிடித்த செய்தி.

பார்க்க முடிந்ததும் புதியவை தெரியலாயின. இரு சுழிக்கோடுகள் நெருங்கி வந்து தொட்டால், தொட்ட இடத்தில் இரண்டும் அறுந்து, முனை மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய மறுகணம் வில்நாண் விட்டதுபோலத் தெறித்து விலகுகின்றன. 2008-இல் இதே குழுவினர், கொந்தளிக்கும் மீப்பாய்மத்தில் துகள்களின் வேகங்களை எண்ணிப் பட்டியலிட்டார்கள். தண்ணீரின் கொந்தளிப்பில் இப்படி எண்ணினால் மணி வடிவக் கோடு கிடைக்கும். மிக அதிக வேகங்கள் மிக மிக அரிது. ஹீலியத்தில் அப்படியில்லை, அதிக வேகங்கள் எதிர்பார்ப்பைவிடப் பன்மடங்கு அடிக்கடி வந்தன. அறுந்து ஒட்டும் சுழிகளின் தெறிப்பே அதற்குக் காரணம்.

இதில் வியப்பு என்னவெனில், 1998-இல் பாரிஸில் மௌரரும் தபெலிங்கும் செய்த பரிசோதனையில், தொலைவிலிருந்து பார்த்தால் ஹீலியத்தின் கொந்தளிப்பும் தண்ணீரின் கொந்தளிப்பும் ஒரே விதியைப் பின்பற்றுவதாகத் தெரிந்திருந்தது. அதாவது, பெரிய அளவில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. நெருங்கி ஒவ்வொரு சுழியாகப் பார்த்தால் முற்றிலும் வேறு. ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது? இது இன்னும் முற்றும் தெளியாத இடம்.

இதைவிடக் கடினமான முடிச்சு ஒன்று உண்டு. தண்ணீரின் சுழியைக் கடைசியில் பாகுத்தன்மை விழுங்குகிறது என்றேன். 1 கெல்வினுக்கும் வெகு கீழே, சாதாரணப் பாய்மம் அனேகமாக இல்லாத இடத்தில், சுழியின் ஆற்றலை விழுங்க யார் இருக்கிறார்கள்? ஒருவருமில்லை. ஆயினும் கொந்தளிப்பு அடங்கிவிடுகிறது. இன்று பெரும்பாலோர் ஏற்கும் விடை இது: சுழிகள் அறுந்து ஒட்டும்போது கோட்டில் ஒரு கூர்மையான வளைவு விழுகிறது. அந்த வளைவு, மீட்டிய நரம்பின் அதிர்வுபோலக் கோட்டின் நெடுகிலும் திருகலாக ஓடுகிறது. இதற்குக் கெல்வின் அலை என்று பெயர். ஓர் அலை சிறிய அலைகளை எழுப்ப, அவை மேலும் சிறியவற்றை எழுப்ப, கடைசியில் ஆற்றல் ஒலியாக மாறித் திரவத்துள் சென்றுவிடும். 2014-இல் மேரிலாந்துக் குழுவினர், அறுந்து ஒட்டிய சுழியிலிருந்து கெல்வின் அலை கிளம்புவதைப் படம் பிடித்தார்கள். 2025-இல் ஜப்பானில் மினோவாவும் துணைவர்களும், சிலிக்கான் நுண்துகள்களைச் சுழியில் ஏற்றி, மின்புலத்தால் அவற்றை ஆட்டி, கெல்வின் அலையைத் தாம் வேண்டியபோது எழுப்பிக் காட்டினார்கள். முன்பு வேட்டைக்காரனைப்போல அலைக்காகக் காத்திருந்தார்கள். இப்போது தம் கையால் மீட்டுகிறார்கள். பெரிய வேற்றுமைதான். ஆனால் ஏணியின் கடைசிப் படி, அதாவது மிகச் சிறிய அலை ஒலியாக மாறும் இடம், எந்தக் காமிராவுக்கும் எட்டாத நுண்மையில் கிடக்கிறது.

வேறு திசைகளிலும் வேலை நடக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு எக்ஸ்கதிர் லேசரில், ஹீலியத்தின் மிக நுண்ணிய துளிகளைப் பறக்கவிட்டு, அவற்றினுள் செனான் அணுக்கள் ஒட்டியிருந்த சுழிக்கோடுகளைப் படமெடுத்தார்கள். அத்துளிகள் விநாடிக்குப் பல லட்சம் முறை சுழல்பவை. 2024-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், பல்லாயிரம் ஒற்றைச் சுழிகளை ஒன்றாகத் திரட்டிய ஒரு பெருஞ்சுழியை ஹீலியத்தில் அமைத்து, அதன் மேற்பரப்பில் ஓடும் சிற்றலைகள் கருந்துளையை அடுத்த ஒளிபோல நடப்பதைக் காட்டினார்கள். 'ஆய்வுக்கூடத்தில் கருந்துளை' என்று பத்திரிகைகள் எழுதியது மிகைதான். சமன்பாடுகள் ஒத்திருக்கின்றன என்பதே உண்மை. உலகின் பொருளில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இருட்பொருள் என்கிறார்களே, அதன் துகள் மோதினால் எழும் சிறு அதிர்வை மீப்பாய்ம ஹீலியத்தில் பிடிக்கலாமா என்றும் சில குழுக்கள் முயல்கின்றன.

ஒரு முயற்சி வீணானதையும் சொல்ல வேண்டும். மாணவர்க்கு அதில் பாடம் அதிகம். 2004-இல் பென்சில்வேனியாவில் கிம், சான் என்ற இருவர், திட ஹீலியத்தை ஒரு சிறு உருளையில் அடைத்து முறுக்கி ஆட்டினார்கள். குளிர் மிகுந்தபோது ஆட்டத்தின் வேகம் கூடிற்று. திடப்பொருளின் ஒரு பகுதி உருளையோடு சேர்ந்து ஆடாமல் விலகி நிற்பதுபோலத் தோன்றிற்று. திடப்பொருளும் மீப்பாய்மம்போல ஓடுகிறது என்று உலகமே பரபரப்படைந்தது. 2007-இல் டேயும் பீமிஷும், அதே குளிரில் திட ஹீலியம் விறைப்படைகிறது என்று கண்டார்கள். விறைப்பே ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டியிருக்கலாம் அல்லவா? 2012-இல் சான் தாமே விறைப்பின் பாதிப்பு இல்லாத வகையில் கருவியைத் திருத்தி அமைத்துப் பரிசோதித்து, பழைய விளைவு காணோம் என்று வெளியிட்டார். தம்முடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்பைத் தாமே மறுத்து எழுதுவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! அந்த 'மீத்திண்மம்' பிற்பாடு 2019-இல் வேறு பொருளில், காந்தத்தன்மை மிகுந்த அணுக்களின் குளிர்ந்த வாயுவில், ஐரோப்பாவில் மூன்று இடங்களில் கிடைத்தது.

ஹீலியம்–3 என்ற அரிய இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் அணுக்கள் போஸ் வழி நடப்பவை அல்ல. இரண்டிரண்டாக இணைந்தால்தான் ஒரே அலையாக முடியும். 1972-இல் கார்னெலில் லீ, ஆஷராஃப், ரிச்சர்ட்சன் மூவரும் கண்ட அந்த மீப்பாய்மத்துக்கு 0.003 கெல்வினுக்கும் குறைவான குளிர் தேவை. அதன் விந்தைகளுக்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

"இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று எங்கள் தெருவில் என்னைக் கேட்காதவர் இல்லை. ஜினீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதுகருவி இருக்கிறது. அதன் ஓட்டப்பாதையை வளைக்கும் 1,232 பெருங்காந்தங்களும் 1.9 கெல்வினில், மீப்பாய்ம ஹீலியத்தில் மூழ்கியிருக்கும்படி அமைந்தவை. வெப்பத்தை அத்தனை வேகமாகக் கடத்த வேறு திரவம் இல்லை. ஓர் இண்டு இடுக்கிலும் சூடு தங்க விடாது. அந்தக் கருவிக்குரிய திருத்து காந்தங்களும், காந்தங்களை நுட்பமாக நிறுத்தும் தாங்கிகளும் நம் அணுசக்தித் துறையின் முயற்சியால் இந்தியாவிலிருந்து சென்றன. 2008 செப்டம்பரில் அங்கே ஒரு மின் இணைப்பு பழுதாகி, டன் கணக்கில் ஹீலியம் சுரங்கத்துள் பீறிட்டு, கருவி ஓராண்டுக்குமேல் நின்றுபோனதும் உண்டு.

இனி நம்மைப் பற்றி. நண்பர்கள் சிலர், "ஹீலியமே கிடைக்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஹீலிய ஆராய்ச்சி பேசுவது, தண்ணீர் இல்லாத ஊரில் நீச்சல் கற்பதுபோல" என்று கேலி செய்கிறார்கள். கேலியில் உண்மை இல்லாமலில்லை. ஹீலியத்தை ஆலையில் செய்ய முடியாது. பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைவினால் ஊறியதை இயற்கை வாயுவோடு எடுத்துப் பிரிக்க வேண்டும். காற்றில் அது பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான்; தப்பிவிட்டால் மேலே போய் விண்வெளியில் கலந்துவிடும். நெடுங்காலம் உலகத்துக்குப் பெரும்பாலும் வழங்கியவை அமெரிக்காவும் கத்தாருமே. 2017-இல் அண்டை நாடுகள் கத்தாரைத் தடை செய்தபோது அங்குள்ள ஹீலிய ஆலைகள் சில வாரங்கள் நின்றன. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் கையைப் பிசைந்தன. நம் நாடு ஏறக்குறைய தனக்கு வேண்டியது முழுவதையும் வெளியிலிருந்து வாங்குகிறது. வங்காளத்தில் பக்ரேஸ்வர் வெந்நீர் ஊற்றுகளில் குமிழியிடும் வாயுவில் ஹீலியம் உண்டு. மயிலாடுதுறையை அடுத்த குத்தாலத்திலும், காவிரிப் படுகையின் கிணற்று வாயுவில் மிகச் சிறிய அளவில் உண்டு. கல்கத்தாவின் அணுசக்தி மையத்தார் இரண்டு இடங்களிலும் அதைப் பிரித்தெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவை சோதனை அளவினவே. ஒரு நாட்டின் தேவைக்குப் போதா.

ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. 1952-லேயே டில்லித் தேசியப் பௌதிக ஆய்வகத்தில் திரவ ஹீலியம் தயாராயிற்று. அப்போது அதன் இயக்குநர், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். இன்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அம்பரீஷ் கோஷின் ஆய்வுக்கூடத்தார், ஹீலியத்தினுள் எலெக்ட்ரான்கள் அமைக்கும் குமிழிகளை ஆராய்கிறார்கள். ஓர் எலெக்ட்ரான் தன்னைச் சுற்றியுள்ள அணுக்களை விலக்கித் தள்ளி, இரண்டு நானோமீட்டர் ஆரமுள்ள வெற்றுக் குமிழியாகத் தங்கும். பல எலெக்ட்ரான்கள் சேர்ந்து பெரிய குமிழியாவதும் உண்டு. இத்தகைய கூடங்களில், ஆவியாகும் ஹீலியத்தைப் பெரிய ரப்பர்ப் பையில் பிடித்து, அழுத்தி, மீண்டும் திரவமாக்குகிறார்கள். அப்படிச் சேமித்துக்கொண்டால் ஒரே ஹீலியம் பலமுறை உழைக்கும்.

அதே கழகத்தில் ராகுல் பண்டிட்டும் மாணவர்களும், பாரிஸின் பிராஷேயுடன் சேர்ந்து, மீப்பாய்மக் கொந்தளிப்பைக் கணிப்பொறியில் எழுப்பி ஆராய்கிறார்கள். அதற்கு ஒரு துளி ஹீலியமும் வேண்டாம். 1961-இல் கிராஸும் பிட்டாயெவ்ஸ்கியும் தனித்தனியே எழுதிய ஒரே ஒரு சமன்பாடுதான் மூலதனம். நம் முதுகலைப் பாடத்தில் வரும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டோடு ஓர் உறுப்பு கூடியது, அவ்வளவே. அச்சமன்பாடு செறிவுற்ற வாயுவுக்கு நன்றாகவும், திரவ ஹீலியத்துக்குத் தோராயமாகவும் பொருந்தும் என்ற குறை இருக்கிறது. இருந்தாலும் சுழிகள் பிறப்பதும், அறுந்து ஒட்டுவதும் அதில் தாமாகவே வந்துவிடுகின்றன. இரு பரிமாணத்தில் சில சுழிகளை ஓடவிட்டுப் பார்க்க, நம் துறையிலுள்ள சாதாரணக் கணிப்பொறியே போதும். ஓர் இரவில் விடை வரும். முப்பரிமாணத்தில் ஒரு கொந்தளிப்பை முழுவதும் எழுப்பத்தான் பெரிய இயந்திரங்கள் தேவை.

சுவரைப் பற்றிய ஒரு கேள்வியை இப்படித்தான் கணக்கில் எடுத்தார்கள். பாலத்தூணைத் தொடும் தண்ணீர் தூணோடு ஒட்டி நிற்கும். விலக விலக வேகம் கூடும். மீப்பாய்மம் சுவரோடு ஒட்டுவதில்லை என்று நூல்கள் சொல்கின்றன. ஆனால் எந்தச் சுவரும் அணுவின் அளவில் வழவழப்பானதன்று. மேடும் பள்ளமும் நிறைந்தது. 2017-இல் இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ஸ்டாக், பார்க்கர், பாரெங்கி மூவரும், ஒரு கம்பியின் மேற்பரப்பை நுண்ணோக்கியால் அளந்து, அதே மேடுபள்ளங்களைக் கணிப்பொறியில் வைத்து மீப்பாய்மத்தை அதன்மேல் ஓடவிட்டார்கள். மேட்டின் உச்சிகளில் ஓட்டம் வேகமெடுத்து, அங்கே சுழிகள் கிளம்பி, சுவரை ஒட்டி ஒரு சிக்கலான படலமாகத் தங்கின. அந்தப் படலத்துக்குள் ஓட்டம் மெதுவாயிற்று. ஒட்டாது என்றிருந்த திரவம், சுழிகளின் வழியாக ஒட்டிக்கொள்கிறது! கணக்கு அப்படிச் சொல்கிறது. சுவருக்கு அத்தனை நெருக்கத்தில் பனித்துகளை மிதக்கவிட்டு, ஒவ்வொரு சுழியாகப் பார்ப்பது பரிசோதனை செய்பவர்களுக்கு எளிதான வேலையன்று.